'பேபி டர்ட்டில்' வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிட்டுப் போங்க

1/
நீளமான இழை. பொறுமையா படிங்க. கலர் மீன் கடையில சின்ன பிளாஸ்டிக் டப்பாவில வச்சு விக்கிற ஆமைக்குஞ்சு பத்தினது. வீட்டில கைக்குழந்தை இருந்தா கட்டாயம் படிங்க. ஏற்கெனவே ஆமை வச்சிருந்தா கடைசி வரைக்கும் படிங்க. பாதியில நிறுத்திட்டு அதைத் தூக்கிட்டுப் போய் கோயில் குளத்தில விட்டுடாதீங்க.

2/
நான் எம்.பி.பி.எஸ். காஞ்சிபுரம் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை. கால்நடை மருத்துவர் இல்லை. "மனுஷ டாக்டருக்கு ஆமை கிட்ட என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. ஆமை என் ஓ.பி.க்கு ரெண்டு வழியா வருது. ஒண்ணு, குழந்தையோட வயித்துப்போக்கு வழியா. இன்னொண்ணு, நிஜமாவே டப்பாவில. "சார், கண்ணே தொறக்க மாட்டேங்குது, ஏதாவது சொட்டு மருந்து எழுதிக் குடுங்க"ன்னு.

3/
முதல்ல குழந்தை. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன். நெசவாளர் வீடு. ஒன்பது மாசப் பையன். மூணு நாளா காய்ச்சல், பேதி, மலத்தில லேசா ரத்தம். ஓ.ஆர்.எஸ்., ஜிங்க், வழக்கமான எல்லாம் குடுத்தோம். பேதி குறைஞ்சது, காய்ச்சல் விடலை. பையன் துவண்டு கிடந்தான். பால் குடிக்கிறதையும் நிறுத்திட்டான். ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பினோம். சால்மோனெல்லா வளர்ந்திருந்தது.

4/
தினமும் ரவுண்ட்ஸ்ல அந்த அம்மாவை நான் கேட்ட கேள்விகள்: தண்ணி காய்ச்சிக் குடுத்தீங்களா? பால் பாட்டிலா? வெளியில ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா? அவங்க ஒவ்வொண்ணுக்கும் இல்ல இல்லன்னு தலையாட்டிட்டு, தன் மேலதான் தப்பு போலிருக்குன்னு அழுதாங்க. நான் கேக்காத ஒரே கேள்வி: "வீட்டில ஏதாவது வளர்க்கிறீங்களா?"

5/
அஞ்சாவது நாள் ஆறு வயசு அக்கா பாட்டியோட பார்க்க வந்தா. "தம்பி எப்போ வருவான், ஆமை அவனைத் தேடுது"ன்னா. அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. அவ பிறந்தநாளைக்கு அப்பா வாங்கிக் குடுத்த ஆமை. தறிக்குப் பக்கத்தில ஒரு பேசின்ல இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துறது, அடுக்களையில பாத்திரம் தேய்க்கிற அதே இடத்தில. தம்பி அழுதா அவ ஆமையை எடுத்து அவன் கையில வச்சு விளையாட்டுக் காட்டுவா. ஒன்பது மாசக் குழந்தை கையில எது கிடைச்சாலும் எங்கே போகும்னு உங்களுக்கே தெரியும்.

6/
ஒண்ணை நேர்மையா சொல்லிடறேன். அந்த ஆமைதான் காரணம்னு நான் நிரூபிக்கலை. பேசின் தண்ணியை யாரும் பரிசோதனைக்கு அனுப்பலை. சால்மோனெல்லா முட்டையில, கோழிக்கறியில, கெட்டுப்போன தண்ணியில இருந்தும் வரும். ஆனா ஆமை இருக்கிற வீட்டில, ஆமையைத் தொட்டுட்டு வாயில கை வைக்கிற குழந்தைக்கு இது வந்தா, சந்தேகப் பட்டியல்ல ஆமை முதல்ல வரணும். என் பட்டியல்ல அது இல்லவே இல்லை.

7/
"சால்மோனெல்லான்னா டைஃபாய்டுதானே?"ன்னு கேப்பாங்க. ஒரே குடும்பம், வேற வேற ஆளு. டைஃபாய்டு கிருமி மனுஷன் கிட்ட இருந்து மனுஷனுக்குத்தான் பரவும். ஆமை, பல்லி, ஓணான், பாம்பு இதெல்லாம் குடல்ல வச்சிருக்கிறது டைஃபாய்டு அல்லாத வேற வகைகள். பெரியவங்களுக்கு பெரும்பாலும் நாலஞ்சு நாள் பேதி, காய்ச்சல், அதோட சரியாயிடும். ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது.

8/
ஆனா அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தை, முக்கியமா ஒரு வயசு ஆகாதது, வயசானவங்க, கர்ப்பிணிகள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவங்க, எதிர்ப்புசக்தி குறைஞ்சவங்க, இவங்களுக்கு அது குடலோட நிக்காது. ரத்தத்துக்குப் போகும். கைக்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வரைக்கும் போகலாம். எலும்பில, மூட்டில போய் உக்காரலாம். இது பயமுறுத்தல் இல்லை. குழந்தை மருத்துவப் பாடப்புத்தகத்தில இருக்கிறது.

9/
இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்லை. 1970-கள்ல அமெரிக்காவில வீட்டு வீட்டுக்கு இந்த ஆமைக்குஞ்சுதான். குழந்தைகளுக்கு சால்மோனெல்லா கொத்துக் கொத்தா வந்தது. 1975-ல அந்த ஊர் அரசு ஒரு விதி போட்டது: ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவா இருக்கிற ஆமையை வளர்ப்புக்கு விக்கக்கூடாது. ஏன் 4 அங்குலம்? அதை விடச் சின்னதா இருந்தா குழந்தை பொம்மை மாதிரி கையில பிடிச்சு வாயில வச்சுக்கும். 50 வருஷத்துக்கு முன்னாடியே அங்கே கடையை விட்டு வெளியேத்தின சைஸைத்தான் நாம இன்னைக்கு பிறந்தநாள் பரிசா வாங்குறோம்.

10/
"எங்க ஆமை நல்லா ஆரோக்கியமா துறுதுறுன்னு இருக்கே டாக்டர்." இருக்கும். ஊர்வனவுக்கு அந்தக் கிருமி நோயே இல்லை, குடல்ல சாதாரணமா குடியிருக்கிறது. அதுவும் தினமும் வெளியே வராது. இன்னைக்கு மலத்தை சோதிச்சா இல்லைன்னு வரும், அடுத்த வாரம் வெளியேத்தும். அதனால 'டெஸ்ட் பண்ணிட்டோம், சுத்தமான ஆமை'ன்னு ஒண்ணு கிடையாது. அந்த நீச்சல் தண்ணி மொத்தமும் மலத் தண்ணின்னு நினைச்சுக்கிட்டா சரியா இருக்கும்.

11/
நம்ம ஊர்ல ஊர்வனவைப் பத்தி பேச வெக்கப்பட வேண்டியதே இல்லை. வரதராஜப் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட வெளியூர்ல இருந்தெல்லாம் வந்து வரிசையில நிக்கிறாங்க. அதே ஊர்ல சாம்பார்ல பல்லி விழுந்துடுச்சுன்னா 'பல்லி விஷம்'னு அலறிட்டு ஓடி வர்றாங்க. நம்ம வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. அது கிட்ட இருக்கிறது குடல் கிருமி. இல்லாத விஷத்துக்குப் பயப்படறோம், இருக்கிற கிருமியை குழந்தை கையில குடுக்கிறோம்.

12/
இப்போ ஆமை பக்கம் வருவோம். கடையில விக்கிறதுல பெரும்பாலும் செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னாடி சிவப்புப் பட்டை இருக்கும். சொந்த ஊர் அமெரிக்காவோட மிசிசிப்பி ஆத்துப் பக்கம். வாங்கும்போது அஞ்சு ரூபா காசு அளவு. ஒழுங்கா வளர்ந்தா பெண் ஆமை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வரும். 20, 30 வருஷம் இருக்கும். அதாவது, உங்க ஒண்ணாங்கிளாஸ் பொண்ணுக்கு வாங்கின ஆமையை அவ பொண்ணும் பார்க்கணும்.

13/
'டப்பா எவ்வளவு பெருசோ அவ்வளவுதான் சார் வளரும்.' கடைக்காரங்க சொல்ற பெரிய பொய் இது. டப்பாவுக்குத் தகுந்த மாதிரி வளராது. வளர முடியாம நோயாளியாகி சாகும். மூணே மாசத்தில செத்துப் போனதுக்கு 'ஆயுசு அவ்வளவுதான்'னு நினைச்சு, போய் இன்னொண்ணு வாங்குறாங்க. வியாபாரம் ஓடுறதே இதுலதான்.

14/
ஏன் சாகுது? முதல் காரணம் எலும்பு. நம்ம குழந்தைக்கு ரிக்கெட்ஸ் வர்ற அதே கதை. வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்ல யு.வி.பி.ன்னு ஒரு பகுதி தோல்ல பட்டாத்தான் வைட்டமின் டி உருவாகும், அது இருந்தாத்தான் கால்சியம் எலும்புக்குப் போகும். ஆமைக்கு ஓடே எலும்புதான். வெயில் இல்லைன்னா ஓடு மெத்துன்னு ஆகும், கோணிக்கும், கால் வளையும், தாடை விட்டுப்போகும். 'ஜன்னல் ஓரமா வெயில்லதான் வச்சிருக்கோம்'னு சொல்வாங்க. கண்ணாடி அந்த யு.வி.பி.யை உள்ளே விடாது. சூடு மட்டும்தான் வரும். கண்ணாடித் தொட்டி அப்படியே வெயில்ல இருந்தா ஆமை வெந்தே போயிடும்.

15/
ரெண்டாவது கண்ணு. டப்பாவில வர்ற காஞ்ச இறாலையே வருஷம் பூரா போடுறாங்க. வைட்டமின் ஏ பத்தாது. இமை வீங்கி கண்ணு மூடிக்கும். கண்ணு தெரியாத ஆமை சாப்பிடாது. சாப்பிடலைன்னா இன்னும் குறையும். இதைத்தான் 'கண்ணு வலி'ன்னு என் கிட்ட சொட்டு மருந்துக்குக் கொண்டு வர்றாங்க. சொட்டு மருந்து போட்டா சத்துக் குறைவு தீராது. சரி, வைட்டமின் ஏ ஊசி போட்டுடலாம்னா, அளவு மீறினா தோல் உரிஞ்சு வரும். அளவு தெரிஞ்சவர்தான் போடணும்.

16/
மூணாவது நுரையீரல். தண்ணி சில்லுன்னு இருந்தா, அழுக்கா இருந்தா நிமோனியா வரும். மூக்குல குமிழ் விடும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், ஒரு பக்கம் சாஞ்சு நீந்தும். ஆமைக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது, இருமி சளியைத் துப்பவும் முடியாது. உள்ளேயே தேங்கும். நீங்க கவனிக்கிறப்போ பெரும்பாலும் நோய் முத்தியிருக்கும். உடம்பு சரியில்லைன்னு கத்தாத ஜீவன் அது.

17/
"எல்லாம் உயிர்தானே, ஒரு ஆன்டிபயாடிக் எழுதுங்க சார்." மாட்டேன். கர்வம் இல்லை, எனக்குத் தெரியாது. ஊர்வனவோட உடம்புச் சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது. அந்தச் சூட்டைப் பொறுத்துத்தான் மருந்து வேலை செய்றதும், வெளியேறுறதும், எதிர்ப்புசக்தியும். பின்னங்காலில இருந்து வர்ற ரத்தம் நேரா சிறுநீரகம் வழியா போகலாம். அதனால ஊசியை எங்கே போடணும்ங்கிறதே அவங்க தனியா படிக்கிற விஷயம். எடையைப் போட்டு குழந்தை டோஸைப் பாதியாக்குற கணக்கு இங்கே செல்லாது.

18/
ஒரே ஒரு உதாரணம். ஐவர்மெக்டின். கொரோனா காலத்தில வீட்டு வீட்டுக்கு வாங்கி வச்ச மாத்திரை. உண்ணி, புழுன்னா மாட்டுக்கும் நாய்க்கும் டாக்டர் குடுக்கிற மருந்துதான். அதே மருந்து ஆமைக்கு விஷம். நரம்பைத் தாக்கி கை கால் செயலிழந்து செத்துப்போகும். மெடிக்கல் ஷாப்பில கேட்டு, வீடியோ பார்த்து, 'கொஞ்சூண்டு'ன்னு குடுக்கிறவங்களுக்குச் சொல்றேன்: குடுக்காதீங்க.

19/
அடுத்து நட்சத்திர ஆமை. 'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது'ன்னு பழமொழி சொன்ன அதே ஜனங்க, இப்போ வாஸ்து பார்த்து வடக்கு மூலையில ஆமை வச்சா பணம் கொட்டும்னு தேடி வாங்குறாங்க. இது வெளிநாட்டு ஆமை இல்லை. ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா வறண்ட காடுகள்ல, குஜராத், ராஜஸ்தான் பக்கம், இலங்கையில இருக்கிறது. காட்டில இருந்து பிடிச்சு சாக்கில கட்டிக் கடத்துறாங்க. 2019-ல உலக வணிகத் தடைப் பட்டியலான சைட்டிஸ்ல மிகக் கடுமையான முதல் பிரிவுக்குப் போயிடுச்சு.

20/
நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயும், 2022 திருத்தத்துக்கு அப்புறம் அது முதல் அட்டவணையில இருக்கு. வீட்டில வைக்கிறதே குற்றம். ஜெயில். 'தெரியாது சார்' செல்லாது. சட்டத்தை விடுங்க, அது தரையில வாழ்ற ஆமை. புல்லு, இலை தின்னும். அதைத் தண்ணி வாளியில போட்டு வைக்கிறாங்க. நீந்தத் தெரியாது. மூழ்கிச் சாகும். திருமால் ஆமை உருவத்தில சிவனை வழிபட்ட தலம்னு கச்சபேஸ்வரர் கோயில் இருக்கிற ஊர் இது. ஆமைக்கு இந்த ஊர் கொஞ்சம் கூடுதலாவே கடன்பட்டிருக்கு.

21/
பச்சை இகுவானா, பால் பைத்தான் வளர்க்கிற தம்பிங்களுக்கு: இவை சைட்டிஸ் பட்டியல்ல இருக்கு. 2024-ல வந்த மத்திய அரசு விதிப்படி பரிவேஷ் தளத்தில பதிவு பண்ணியிருக்கணும். பில் இல்லாம, 'ஃப்ரெண்டு குடுத்தான்'னு வர்றதுல பல சென்னை விமான நிலையத்தில பிடிபடாம தப்பிச்ச பெட்டியில இருந்து வந்தது. ஆமைக்குஞ்சு, பைத்தான், இகுவானான்னு பயணிகள் பெட்டியில பிடிச்ச செய்தி அடிக்கடி வருது. பெட்டியில உயிரோட வந்து சேர்ந்ததை மட்டும்தான் நீங்க பார்க்கிறீங்க.

22/
"அப்போ நாய், பூனையில நோய் வராதா?" வரும். ரேபிஸை விடப் பெருசா ஒண்ணும் இல்லை. ஆனா நாய்க்குத் தடுப்பூசி இருக்கு. பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்தில பார்ப்பாங்க. நாய்க்கு உடம்பு முடியலைன்னா உங்களுக்கே தெரியும். ஆமைக்கு இந்த மூணுமே கிடையாது. அதுதான் வித்தியாசம்.

23/
கால்நடை டாக்டர்களைத் திட்டி இதுக்கு பதில் போடாதீங்க. அவங்க படிச்சது, அரசு அவங்களை நியமிச்சது மாடு, ஆடு, கோழிக்காக. ஒரு மருந்தகம், பல கிராமம், கோமாரி தடுப்பூசி, செயற்கைக் கருவூட்டல். அவங்க கிட்ட பைத்தான் வாய்ப்புண்ணைக் கொண்டு போய் நீட்டினா என்ன பண்ணுவாங்க? ஊர்வன பார்க்கத் தெரிஞ்சவங்க வேணும்னா சென்னைதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, இல்லைன்னா விரல் விட்டு எண்ணுற தனியார். காஞ்சியில இருந்து 75 கிலோமீட்டர். 200 ரூபா ஆமைக்கு கூலியை விட்டுட்டு யார் போவாங்க? போகவே முடியாத ஏழைக்கு இதை விக்கிறாங்களே, அதுதான் என் கோபம்.

24/
செல்லப்பிராணி கடைகளுக்கு 2018-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கு. மாநில விலங்கு நல வாரியத்தில பதிவு பண்ணாம கடை நடத்தக்கூடாது. உங்க ஊர் கலர் மீன் கடையில அந்தச் சான்றிதழ் மாட்டியிருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. என்ன வளரும், எவ்வளவு நாள் இருக்கும், என்ன விளக்கு வேணும், குழந்தைக்கு என்ன ஆபத்து, யார் வைத்தியம் பார்ப்பாங்கன்னு சொல்லாம ஒரு உயிரை விக்கிறது வியாபாரம் இல்லைங்க, மோசடி.

25/
இப்போ என் தப்பு. ரவுண்ட்ஸ்ல கேக்காதது ஒண்ணு. அதை விடப் பெருசு, அந்த அப்பா கிட்ட நான் கோவமா சொன்னது: "முதல்ல அதை வீட்டை விட்டு வெளியேத்துங்க." அவர் அன்னைக்கே வெளியேத்திட்டார். டிஸ்சார்ஜ் அன்னைக்குக் கேட்டேன். "கோயில் குளத்தில விட்டுட்டேன் சார். அதுவும் ஒரு உயிர்தானே, சாமி பார்த்துக்கும்"னார். மனசார நல்லது பண்ணினதா நினைச்சுச் சொன்னார். எனக்கு வாய் எழலை. பாதி அறிவுரை குடுத்தது நான்தான்.

26/
ஏன் விடக்கூடாது? செங்காது ஆமை உலகத்தோட மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் பட்டியல்ல இருக்கு. கிடைச்சதைத் தின்னும், நம்ம நாட்டு ஆமையோட இடத்தையும் சாப்பாட்டையும் பிடுங்கும், நோயையும் குடுக்கும். கேரளாவில நீர்நிலைகள்ல இது தென்பட ஆரம்பிச்சதும், பீச்சியில இருக்கிற வன ஆராய்ச்சி நிறுவனம் மக்கள் கிட்ட இருந்து இதை வாங்கிச் சேகரிக்கவே வேலை செஞ்சது. இங்கே அப்படி ஒப்படைக்க ஒரு இடம் சொல்லுங்கன்னு ஒருத்தர் கேட்டா, என் கிட்ட ஒரே வரியில பதில் இல்லை. இருக்கணும்.

27/
ஏற்கெனவே வச்சிருக்கிறவங்களுக்கு:
• அஞ்சு வயசுக்குள்ள குழந்தை, கர்ப்பிணி, வயசானவங்க இருந்தா அவங்க தொடவே வேண்டாம்.
• தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க. சானிடைசர் மட்டும் பத்தாது.
• தண்ணி மாத்துறது அடுக்களையில வேண்டாம். கக்கூஸ்ல ஊத்துங்க. அதுக்குன்னு தனி பக்கெட், தனி பிரஷ்.
• ஆமைக்கு முத்தம் வேண்டாம்.
• ஏறி உக்கார காஞ்ச இடம், நேரடி வெயில், ஒதுங்க நிழல் மூணும் வேணும்.
• சாப்பிடாம, கண்ணு மூடி, மூக்குல குமிழ் விட்டா வீட்டு வைத்தியம் பண்ணாதீங்க.
• குளத்தில, ஏரியில விடாதீங்க. முதல்ல வனத்துறையைக் கேளுங்க. இடம் கிடைக்கலைன்னா நீங்கதான் கடைசி வரைக்கும் பார்த்துக்கணும்.
• நட்சத்திர ஆமைன்னா இன்னைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்க.

28/
என்னை மாதிரி ஓ.பி. பார்க்கிற டாக்டர்களுக்கு: காய்ச்சல், பேதியோட கைக்குழந்தை வந்தா ஒரே ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க. "வீட்டில ஆமை, மீன் தொட்டி, ஏதாவது இருக்கா?" பத்து செகண்ட்தான் ஆகும். அன்னைக்கு அதை நான் கேட்டிருந்தா அந்த அம்மா அஞ்சு நாள் தன்னையே குத்தம் சொல்லிட்டு அழுதிருக்க மாட்டாங்க.

29/
அரசுக்கு: மாவட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையில ஒருத்தருக்காவது ஊர்வன, பறவை வைத்தியத்தில பயிற்சி குடுங்க. மாவட்டத்துக்கு ஒரு ஒப்படைப்பு இடம் வையுங்க. பதிவில்லாத கடையைப் போய்ப் பாருங்க. இது மூணும் பெரிய செலவு இல்லை.

30/
பையன் நல்லா இருக்கான். ஊசி மருந்து முழுசா போட்டு, மூளைக்குப் போகாம தப்பிச்சுட்டான். அக்கா என் கிட்ட கேட்டா, "ஆமை குளத்தில நல்லா இருக்குமா டாக்டர் மாமா?" நான் பதில் சொல்லலை. அடுத்த பிறந்தநாளைக்கு கலர் பென்சில் வாங்கிக் குடுங்கன்னு அவ அப்பா கிட்ட சொன்னேன். உங்க கிட்டயும் அதேதான் சொல்றேன். குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்காவது இதை அனுப்புங்க.